மூன்று பகல், இரண்டு இரவு



சென்ற மாதம் இப்பகுதியில் நுண்கடன் பற்றி எழுதியிருந்ததை வாசித்துப் பலர் கடிதம் போட்டிருந்தீர்கள். அவற்றுக்கான பதில்களை அடுத்த இதழில் தருகிறேன். இம்முறை வேறொரு விடயம். இதை வாசிக்கும்போது உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம், சிலருக்குக் கோபமும் வரலாம். ஒரு குடும்பம் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய் மூன்று நாள் நிற்பதற்குத் திட்டம் போட்ட கதை இது.

குடும்பம் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தது. பெயர் வேண்டாம். தாய், மாமியார், ஒரு மகள், ஒரு மகன். குடும்பத் தலைவர் 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் பிரிக்கப்பட்டவர். அன்றிலிருந்து அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மகளுக்கு அப்போது நான்கு வயது. மகன் பிறந்தது முகாமில். பட்டப்படிப்பை முடித்துப் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், 2012இல், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கடைசி மாதங்களில்தான் நான் இவர்களைச் சந்தித்தேன். அந்த வருடம் செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அதன்பின் நான் என் சொந்த மாவட்டமான புத்தளத்துக்கு மாறி வந்துவிட்டாலும் தொடர்பு விடுபடவில்லை.

கடந்த ஓகஸ்டில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவில் எங்கள் அமைப்பின் சுகாதாரக் கொட்டிலில் நின்றுகொண்டிருந்தேன். "அக்கா!" என்று ஒரு குரல். அந்த மகள்! ஆடைத் தொழிற்சாலைத் தோழிகளோடு வான் பிடித்து ஒருநாள் பயணமாய் வந்திருந்தாள்.

தலவிலவுக்குப் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வீதியால் போனால் ஒரு புறம் களப்பு, மறு புறம் பெருங்கடல். நடுவே ஒடுங்கிய நிலம். அந்நிலத்தில் கடலோரமாய் இருக்கிறது ஆலயம். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் திருவிழா நடக்கும். வருகிற சனம் கும்பிட்டுவிட்டு உடனே திரும்புவதில்லை. மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, கொட்டில் போட்டு, சட்டி பானையோடு நாட்கணக்காய்த் தங்கும். சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கரும் அல்லாதவரும் அடுத்தடுத்து அடுப்பு மூட்டியிருப்பார்கள்.

அந்தப் பிள்ளை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கொட்டிலில் ஒரு அம்மா காலை நீட்டிச் சாய்ந்திருக்க, பிள்ளைகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, எங்கட அம்மா காலை நீட்டி இருந்ததை நான் ஒருநாளும் பார்க்கேல்லை" என்றாள். பிறகு, "எங்கட வீட்டு ஆக்களையும் ஒருக்கா இங்க கொண்டுவந்து வைச்சிருக்க ஏலுமோ?" என்று கேட்டாள்.

ஏலும் என்றேன். சொல்வது சுலபம்.

அடுத்த கிழமை தாய் தொலைபேசியில் வந்தார். குரலில் கோபம். "தங்கச்சி, நீங்களும் சேர்ந்து பிள்ளையின்ர மண்டையைக் குழப்பிறியளோ? கடல் எங்கட வாசல்லயே கிடக்கு. அதைப் பார்க்க காசு செலவழிச்சுப் புத்தளம் போகோணுமோ? புருசன் இல்லாதவள் உல்லாசப் பயணம் போறாள் எண்டு சனம் கதைக்கும்."

நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: "அது எங்கட கடல் அம்மா. நான் அதில காலை வைக்கிற நேரமெல்லாம் நீங்க அழுறீங்க."

தாய் போனை வைத்துவிட்டார்.

சகோதரிகளே, சனம் கதைக்கும் என்ற பேச்சை நாம் எல்லோரும் அறிவோம். இன்னொன்றையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களைப் போன்ற சமூக சேவையாளர்களும் இதில் குற்றவாளிகள்தான். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கென்று நான் எழுதிய திட்ட அறிக்கைகளில் எத்தனை தையல் இயந்திரங்கள், எத்தனை கோழிக்கூடுகள்! ஓய்வு என்று ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் யார் பணம் தருவார்? ஆனால் 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, ஓய்வும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் எல்லோருக்கும் உரிமை என்கிறது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரையில் பொழுதுபோக்கும் பெண்ணின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. இலங்கை அதை ஏற்றது 1981இல். பயிற்சிப் பட்டறைகளில் இவற்றைப் பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். வாசித்து முடிந்ததும் தேநீர் இடைவேளை, அவ்வளவுதான்.

தாயின் மனதைச் சற்று அசைத்தது சட்டமல்ல, வேல்ஸ் நாட்டுக் கதை. லண்டனில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள் வருடாவருடம் பிள்ளைகளோடு வேல்ஸ் கடற்கரையில் ஒரு கரவன் முகாமில் ஒரு கிழமை தங்குவாள். கரவன் என்றால் சில்லு வைத்த வீடு. பெயருக்குத்தான் சில்லு, பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நிற்கும். வரிசை வரிசையாய் நிற்கும் அவற்றைப் படத்தில் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது முகாம்தான். உள்ளே இரண்டு சிறு அறை, ஒரு அடுப்பு, ஒரு மேசை. அக்கா இங்கிருந்து போன மிளகாய்த்தூளைக் கொண்டுபோய் அங்கே கறி காய்ச்சுவாள். பாதி நாள் மழை. மழைக்குள் இருந்து கடதாசி விளையாடுவார்களாம். ஆறு மாதத்துக்கு முன்பே பதிந்து, மாதாமாதம் கட்டுக்காசாய்க் கட்டித்தான் போகிறாள்.

தாய்க்கு இதைச் சொன்னபோது, "வெளிநாட்டுக்காரர் காசுக்காரர்" என்றார். ஆகவே மிச்சத்தையும் சொன்னேன். அந்தக் கரையில் அப்படித் தங்கும் வழக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள். யூலை கடைசி வாரமும் ஓகஸ்ட் முதல் வாரமும் சுரங்கங்கள் மூடப்படும்போது சுரங்கக் கிராமத்துச் சனம் போர்த்கோல் போன்ற கடற்கரைகளில் போய் இறங்கும். பிரித்தானியாவில் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் வந்ததே 1938இல்தான். அதற்கு முன்பு பெரும்பாலான தொழிலாளருக்கு விடுமுறை என்றால் சம்பளம் இல்லை. கிழமைக்குக் கிழமை சில்லறையாய்ச் சேர்த்துத்தான் போனார்கள்.

"சுரங்கத்துக்குள்ள இறங்கிற ஆக்களோ?" என்று கேட்டார் தாய். ஆம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சும்மா கணக்குப் பார்ப்பம். போறதெண்டு இல்லை" என்றார்.

கணக்கு எழுதும் வேலை மகனுக்கு. ஒரு பழைய சி.ஆர். கொப்பி. மகள் சம்பளத்திலிருந்து மாதம் 2,000 ரூபாய், தாய் முட்டை விற்ற காசிலிருந்து 1,000 ரூபாய். ஓகஸ்ட் தொடங்கி மார்ச் வரை எட்டு மாதத்தில் 24,000. அதற்குள் அடங்கினால் பயணம், அடங்காவிட்டால் இல்லை. கடன் வாங்குவதில்லை என்று கொப்பியின் முதற் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்கு எந்தக் கடற்கரையும் ஆறுதல் தராது.

காசில் பாதிக்கு மேல் பஸ்ஸுக்கே போகிறது. முல்லைத்தீவிலிருந்து வவுனியா, அங்கிருந்து அனுராதபுரம், பின் புத்தளம், பின் கற்பிட்டி பஸ். வான் பிடித்தால் சுகம், ஆனால் 24,000 அதிலேயே முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு அரிசியும் தூளும் தேங்காயும் வீட்டிலிருந்து. மீனை அங்கே வாங்கலாம். விடியக் கரைவலை இழுக்கும் இடத்தில் போய் நின்றால் சந்தை விலைக்கும் குறைவாய்க் கிடைக்கும். வலையில் ஒரு கை கொடுத்தால் ஒரு பிடி மீன் சும்மாவும் தருவார்கள். உடப்பில் பிறந்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

எந்த மாதம் என்பதிலும் ஒரு சிறு சண்டை. மகன் ஓகஸ்ட் திருவிழாவுக்கே போகலாம் என்றான். நான் மறித்தேன். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை இக்கரையில் தென்மேல் காற்று. பட்டம் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கும் வெள்ளைக்காரருக்கு அது நல்ல காலம். அவர்கள் அதற்கென்றே கண்டக்குழிப் பக்கம் வந்து தங்குகிறார்கள். சேலையோடு முழங்கால் தண்ணீரில் நிற்க விரும்பும் ஒரு தாய்க்கு அது காலமல்ல. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். கற்பிட்டிக் கடலில் டொல்பின் கூட்டங்கள் துள்ளுவதும் அந்த மாதங்களில்தான். புத்தாண்டுக்குத் தொழிற்சாலை மூடப்படும், பள்ளிக்கூடமும் லீவு. ஆகவே ஏப்ரல்.

தங்குமிடம்தான் பெரிய வேலை. விடுதிகள் நிறைய இருக்கின்றன, வெளிநாட்டுக்காரர் விலையில். நான் தேடியது நமக்குத் தோதான இடம். ஆலங்குடாப் பக்கத்தில் ஒரு ராத்தா தன் வளவுக்குள் கிடுகு வேய்ந்த இரண்டு கொட்டில்களை வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். போய்ப் பார்ப்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. உங்களுக்கும் உதவும். கழிப்பறை எத்தனை அடி தூரம்? இரவில் வழியில் வெளிச்சம் உண்டா? கதவுக்கு உள்ளே கொளுக்கி உண்டா? பெண்கள் குளிக்க மறைப்பு உண்டா? மாதவிலக்குத் துணி கழுவிக் காயப்போட இடம் உண்டா? பக்கத்துக் கொட்டிலில் யார் தங்குவார்கள், குடிக்கிற கூட்டமா? இவற்றைக் கேட்க வெட்கப்படக்கூடாது. வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டதற்கு நான் ஒருமுறை ஒரு பயிற்சி முகாமில் முப்பது பெண்களோடு இரவு முழுக்க விழித்திருந்திருக்கிறேன்.

ராத்தா எல்லாக் கேள்விக்கும் பொறுமையாய்ப் பதில் சொன்னார். பிறகு அவராகவே சொன்னார்: "மிஸ், நாங்க மன்னார் ஆக்கள். 1990ல வள்ளத்தில வந்து இந்தக் கரையிலதான் எறங்கினோம். எனக்கு ஒம்பது வயசு. இந்தக் கொட்டில் மாதிரி ஒன்றிலதான் உம்மா எங்களைப் பொத்திப் பொத்தி வளர்த்தாங்க. இப்ப அதே மாதிரிக் கட்டினா அதில தங்க ஆக்கள் காசு தாறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும், அவர்களில் பெரும்பாலோர் இம்மாவட்டத்தில் வந்து தங்கியதும் நீங்கள் அறிந்ததே. வாசகர்களில் பலர் அப்படி வந்தவர்கள். ஆகவே நான் சற்றுத் தயங்கித்தான், வரப்போகிறவர்கள் முல்லைத்தீவுத் தமிழ்க் குடும்பம் என்றேன். அங்கே முல்லைத்தீவிலும் அதே தயக்கம் இருந்தது. "அவையள் எங்களை வைச்சிருப்பினமோ, தங்கச்சி?" என்று தாய் கேட்டிருந்தார்.

ராத்தா கேட்டது இரண்டே கேள்விகள். "எத்தின பேரு? வயசானவங்க இருக்காங்களா?" இருக்கிறார் என்றதும், கழிப்பறைக்குக் கிட்ட உள்ள கொட்டிலைத் தருவதாகச் சொன்னார். பன்றி இறைச்சியும் சாராயமும் வளவுக்குள் கொண்டுவரக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. தாய்க்கு இதைச் சொன்னபோது, "அது ரெண்டும் எங்கட வீட்டுக்குள்ளயும் இல்லை" என்றார்.

போகும்போது எடுக்கும் சாமான்களை எழுதும்படி ஒருநாள் சொன்னேன். தாய் சொல்லச் சொல்ல மகன் எழுதி அனுப்பினான். குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், கணவரின் படம், அவர் பற்றிக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், மெழுகுதிரி, தீப்பெட்டி, பனடோல், ஒரு தறப்பாள், கத்தி, ஐந்து கிலோ மா. வாசித்துவிட்டு நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். நமக்குப் பயணப் பை கட்டத் தெரியும். மிக நன்றாகவே தெரியும். அரை மணித்தியாலத்தில் கட்டுவோம். அது வேறு பயணத்துக்கான பை.

பத்திரங்களை உறையிலிட்டு வவுனியாவில் உள்ள தங்கையிடம் கொடுத்துவிட்டு, அடையாள அட்டையை மட்டும் கொண்டுவாருங்கள் என்றேன். தறப்பாள் வேண்டாம், கொட்டிலுக்குக் கூரை உண்டு. மறுபடி எழுதச் சொன்னேன். இரண்டாவது பட்டியல் வர இரண்டு கிழமை பிடித்தது. அதில் மகள் எழுதியது: மாற்று உடுப்பு, தோடம்பழம், கடதாசிக் கட்டு. மகன் எழுதியது: பந்து. தாயின் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. என்ன எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லையாம். கடைசியில், "ஒரு நல்ல தலையணை" என்று எழுதச் சொன்னாராம்.

அடையாள அட்டை என்றதும் இன்னொன்று. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை இருக்கிறது. மகன் வரலாற்றுப் பாடத்தில் கெட்டிக்காரன், அதைப் பார்க்க ஆசைப்படுகிறான். கோட்டை கடற்படை முகாமுக்குள் இருப்பதால் வாசலில் அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும். இதை முன்கூட்டியே தாய்க்குச் சொன்னேன். போய் நின்ற பிறகு சீருடையைக் கண்டு திகைத்தால் பயணம் அங்கேயே கெட்டுவிடும். "நான் அந்தப் படலைக்குக் கிட்டயும் வரமாட்டன்" என்றார். சரி. ராத்தாவின் மகன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போவான். தாய் அந்நேரம் களப்புக் கரையில் இருக்கலாம். எல்லோரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்து போக வேண்டும் என்று சட்டமில்லை. டொல்பின் பார்க்கும் படகுக்கும் அப்படித்தான். மற்றப் பயணிகளோடு பங்கு போட்டுக்கொண்டால் பிள்ளைகள் இருவரும் போகலாம். உயிர்காப்பு அங்கி போடாமல் ஏறக்கூடாது. பெருங்கடல் பக்கம் குளிப்பதானால் எந்த இடத்தில் இழுவை இருக்கிறது என்று அங்குள்ள மீனவரைக் கேட்டபின்தான் இறங்க வேண்டும், கடல் அடங்கிய மாதமானாலும்.

இவ்வளவும் முடிந்தபின் எஞ்சியது மாமியார். உண்மையில் முதல் நாளிலிருந்தே எஞ்சியிருந்தது அவர்தான், நாங்கள் பேசாமல் தள்ளிப்போட்டோம். மீளக்குடியேறிய நாளிலிருந்து அவர் ஒரு இரவும் வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. பேத்தி பெரியபிள்ளையான சடங்குக்குக்கூட உறவினர் வீட்டில் தங்காமல் இருட்டோடு திரும்பி வந்தவர்.

ஜனவரியில் ஒரு வேலையாய் அந்தப் பக்கம் போனபோது அவரோடு பேச உட்கார்ந்தேன். சமூகவியல் படித்தவளுக்கு எதற்கும் ஒரு சொல் கிடைத்துவிடும். வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்த போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இப்படியான துயரை நிச்சயமற்ற இழப்பு என்பார். இறந்ததாகவும் இல்லை, இருப்பதாகவும் இல்லை, ஆகவே துக்கத்துக்கு முடிவும் இல்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும். அதை எளிமையாக்கிச் சொல்லத் தொடங்கினேன்.

அவர் பாதியில் மறித்தார். "பிள்ளை, அவன் வந்து கதவைத் தட்டினா ஆர் திறக்கிறது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. உளவளத்துணைப் பயிற்சியில் இப்படியான நேரத்தில் மௌனமாய் இருங்கள் என்பார்கள். நான் மௌனமாய் இருந்தது பயிற்சியினால் அல்ல.

மருமகள் அடுப்படியிலிருந்து சொன்னார்: "அப்ப விடுங்க தங்கச்சி. மாமி இல்லாமல் நான் போகன்." மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். எட்டு மாதச் சேமிப்பு கொப்பியோடு முடிந்தது என்றே நினைத்தேன். வருகிற வருடம் அந்தப் பிள்ளை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப் பதிந்திருக்கிறாள் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். அவள் ஏன் இவ்வளவு பிடிவாதமாய் நின்றாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

வழி கண்டது மகன். தகப்பனைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை. சி.ஆர். கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, "அம்மம்மா" என்றுதான் அவன் அப்பம்மாவையும் கூப்பிடுவான், "அம்மம்மா, நாங்கள் எங்க போறம் எண்டு கதவில எழுதி ஒட்டிப்போட்டுப் போவம். நீங்க சொல்லுங்க, நான் எழுதிறன்" என்றான்.

கிழவி நெடுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் கற்பிட்டிக்குப் போயிருக்கிறம். மூண்டாம் நாள் பின்னேரம் வந்திடுவம். திறப்புப் பக்கத்து வீட்டில இருக்கு. சோறும் அங்க சொல்லி வைச்சிருக்கு, சாப்பிடு. போன் நம்பரை எழுது. பெரிசா எழுது, அவனுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும் இப்ப.

யாருக்கு என்று மேலே பெயர் எழுதவில்லை. மகன் அதை மழை படாமல் பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டு அக்காவிடம் மூன்று நாளும் ஒரு ஆள் சாப்பாடு கூடச் சமைக்கச் சொல்லி அரிசி கொடுத்தாயிற்று.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அவர்கள் பஸ் ஏறத் தயாராய் இருப்பார்கள். சென்ற கிழமை மாமியார் என்னோடு பேச வேண்டும் என்று போனை வாங்கினாராம். கடலைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ கேட்கவில்லை. "பிள்ளை, அந்த வீட்டில போன் இழுக்குமோ?" என்றார்.

நான் அன்றே ஆலங்குடாவுக்குப் போனேன். கொட்டிலுக்குள் ஒரு கோடும் இல்லை. திண்ணையிலும் இல்லை. ராத்தாவும் நானும் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தோம். வேலியோரத் தென்னையடியில் இரண்டு கோடு வந்தது. நின்ற இடத்திலிருந்தே எடுத்து அவருக்குச் சொன்னேன்.

"அப்ப அந்தத் தென்னையடியில எனக்கு ஒரு கதிரை போட்டுவைக்கச் சொல்லு" என்றார்.